எண்ணூற்று முப்பத்திரண்டில் இருபத்துமூன்று

ஜாருணிக்கு போன் செய்கிறவர்கள் எல்லாரும் பிரிண்டரைத் திட்டிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். அவள் பாதியிலேயே வெட்டுவாள். "மெஷின் கதை அப்புறம். கடைசியா வந்த லேபிளைப் படம் புடிச்சு அனுப்புங்க."

அந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்கு பழக் கொட்டகை முதலாளி ஹியா குவாங் அனுப்பிய படத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள் இருந்தன. டுரியான் பெட்டியில் ஒட்டுகிற லேபிள். மேலே தோட்டத்துப் பதிவு எண், நடுவில் பார்கோடு, அதற்குக் கீழே சதுரமான க்யூஆர் கட்டம். மூன்றையும் மேலிருந்து கீழாக, நூல் பிடித்தது போல, மூன்று கோடுகள் அறுத்துக்கொண்டு போயின. பின்னாலேயே அவர் குரலும் வந்தது.

"பழம் வாங்குற சீனாக்காரன் ஆளு ஸ்கேனரை வச்சு வச்சுப் பாக்குறான், படிக்க மாட்டேங்குது. அஞ்சு மணிக்குக் கன்டெய்னர் கிளம்பணும். நீ எங்க இருக்க?"

"தாமாய் சந்தைல. இருபது நிமிஷம்."

"பதினஞ்சுல வா."

பதினெட்டில் போனாள்.

தாய்லாந்தின் சந்தபுரி மாவட்டத்தில் மே மாதம் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மரத்திலிருந்து பழம் இறங்கிவிட்டால் அதற்கு ஒரு கெடு உண்டு; அந்தக் கெடு, அறுத்தவன், தட்டிப் பார்த்தவன், பெட்டி கட்டுகிறவள், லாரி ஓட்டுகிறவன் என்று எல்லார் கழுத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜாருணியின் பொறுப்பில் முப்பத்துநான்கு பழக் கொட்டகைகளும் அறுபத்தோரு லேபிள் பிரிண்டர்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் போனில் ஒரு பட்டப்பெயரில்தான் பதிந்து வைத்திருந்தாள். காகிதத்தை விழுங்குகிற ஒன்று 'பேராசைக்காரி'. சத்தம் போட்டுக்கொண்டே வேலை செய்வது 'மாமியார்'. ஹியாவுடையது 'பெரிய வீட்டுப் பிள்ளை'. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு அவள் திட்டமிட்டு வரவில்லை. சோன்புரியில் கணினிக்கான ஹார்ட் டிஸ்க் செய்கிற தொழிற்சாலையில் பதினோரு வருடம் உருப்பெருக்கியில் கண் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிரிவை மூடியபோது ஊர் திரும்பினாள். அக்கம்பக்கத்துக் கொட்டகையில் பிரிண்டர் ஒன்று நின்றுபோனது. பாங்காக்கிலிருந்து ஆள் வர நான்கு நாள் என்றார்கள். மெஷினோடு கூடவே வந்த குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கங்களை ஜாருணி ஒரு ராத்திரி முழுக்கப் படித்தாள். அந்தப் பக்கங்களை வேறு யாரும் புரட்டுவதேயில்லை. பிரிண்டருக்கு எழுத்தில் கட்டளை அனுப்பலாம், அது எழுத்திலேயே பதில் சொல்லும் என்று அங்கே இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற பொருளைப் பார்த்துவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. அது ஒன்பது வருடத்துக்கு முன்.

ஹியாவின் கொட்டகையில் நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். கத்திக்காரர்கள் வழக்கம்போலப் பழமலையின் மேல் குந்தி, கத்திப்பிடியால் ஒவ்வொரு பழத்தையும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டொக், டொக், பிஞ்சு, ஒரு பக்கம் எறி. டொக், டப், முற்றியது, மறுபக்கம். ஒரு நொடிக்கு ஒரு பழம். ஹியாவும் அந்த மலையில் இருபது வருடம் குந்தியவர்தான். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. முதலாளி, வயதில் பெரியவர், சீன வம்சம், ஆகவே ஊருக்கே அவர் ஹியா, அண்ணன்.

ஜாருணி கைகூப்புவதற்குள் பனிக்கட்டி போட்ட காபிப் பையை நீட்டினார். ஒருமுறை கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கியதிலிருந்து அவருடைய வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பையின் காது அந்தச் சந்தில்தான் தொங்கியது.

"பாக்கவே வேணாம். நானே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். "கத்தி. இந்தப் பொண்ணு பிரிண்டரோட தலையைக் கத்தியால சுரண்டியிருக்கு. மேசை மேல கத்தி கிடந்துது, என் கண்ணால பாத்தேன். இன்னைக்கு லோடு ஏறுனதும் அவ மூட்டையைக் கட்டட்டும்னு சொல்லிட்டேன்."

சொன்னது தனியாக இல்லை. நூறு பேர் கேட்க ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்தார். இது இரண்டாவது முறை.

அந்தப் பொண்ணு பிகுல். வடகிழக்கே சுரினிலிருந்து வந்தவள், இருபத்தாறு வயது. இரண்டு பருவம் பழம் தரம்பிரித்தவளை, எண்களை ஒருமுறை பார்த்தால் மறப்பதில்லை என்று கண்டு, லேபிள் மேசையில் உட்கார வைக்கச் சொன்னதே ஜாருணிதான். தலையை எப்படித் துடைப்பது என்று கைபிடித்துக் காட்டியதும் அவள்தான். பிகுல் அழவில்லை. படிக்காத லேபிள்களைப் பெட்டிகளிலிருந்து உரித்து உருண்டையாக்கி ஒரு கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜாருணியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

"கத்தி எதுக்கு?" என்று ஜாருணி கேட்டாள்.

"ரோல் ஒட்டியிருக்கிற டேப்பை வெட்ட. வேற எதுக்குக்கா?" என்றாள் பிகுல்.

"சரி. முதல்ல மெஷின் பேசட்டும். மனுஷங்க அப்புறம்."

மூடியைத் திறக்கவில்லை. லேப்டாப்பை ஒரு பழக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள். கம்பியைச் செருகினாள்.

இந்த வகைப் பிரிண்டரில் மை கிடையாது. தலை என்பது விரல்நீளப் பட்டை. அதன் விளிம்பில் ஒரே வரிசையில் எண்ணூற்று முப்பத்திரண்டு புள்ளிகள், ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு. ஒவ்வொன்றும் ஒரு குட்டி அடுப்பு. சூடானால் காகிதம் அந்த இடத்தில் கறுக்கும். ஒன்று செத்தால் அந்த இடம் வெள்ளை; காகிதம் ஓட ஓட அந்த வெள்ளை ஒரு கோடாக நீளும். எந்த அடுப்பு செத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்கலாம்.

ஒரு வரி அடித்தாள். தலையைச் சோதி, முதல் புள்ளியிலிருந்து கடைசி வரை. பிரிண்டர் இரண்டு நொடி மௌனமாக இருந்தது. அந்த இரண்டு நொடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் துளி மின்சாரம் விட்டு, போய்த் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டது. திரையில் பதில் விழுந்தது.

மொத்தம் 832. பழுது 23. அதற்குக் கீழே வரிசை எண்கள்: 301 முதல் 308. 461 முதல் 469. 677 முதல் 682.

ஜாருணி காபியை உறிஞ்சினாள். ஹியா தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன சொல்லுது?"

"இருபத்துமூணு போச்சு."

"கத்திதானே?"

"அது இன்னும் சொல்லல."

அடுத்த வரி அடித்தாள்: இதுவரை எத்தனை மீட்டர் அச்சடித்தாய்? பதினோராயிரத்துச் சொச்சம் என்றது. முப்பதாயிரம் தாண்ட வேண்டிய தலை. வயது காரணம் இல்லை.

கத்தி பட்டிருந்தால் எண்கள் இப்படி வராது என்று அவளுக்குத் தெரியும். கத்தியால் சுரண்டிய தலைகளை ஏழெட்டுப் பார்த்திருக்கிறாள். வெட்டு சாய்வாக ஓடும். அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒற்றைப் புள்ளிகளாகச் சாகும். இது மூன்று கும்பல். நடுவில் இருப்பவை எல்லாம் முழு ஆரோக்கியம். ஆனால் மணி பதினொன்றரை ஆகியிருந்தது. புதுத் தலை பாங்காக்கிலிருந்து சனிக்கிழமைதான் வரும். தொள்ளாயிரத்து அறுபது பெட்டி ஏற வேண்டும்.

"காரணம் பிறகு. முதல்ல உங்க கன்டெய்னர்" என்றாள்.

லேபிள் வடிவமும் கட்டளைகள்தான். எந்த இடத்தில் எது, எந்தப் பக்கம் பார்த்து என்று வரிவரியாக எழுதியது. பார்கோடு, வேலிக் குச்சிகள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. செத்த புள்ளி அந்த நிலையில் ஒரு குச்சியையே முழுசாகத் தின்றுவிடும். ஒரு எழுத்தை மாற்றி அதைத் தொண்ணூறு பாகை திருப்பினாள். இப்போது ஏணிப்படி. வெள்ளைக் கோடு எல்லாப் படிகளையும் ஒரே இடத்தில் கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதான். ஸ்கேனர் கடிபடாத பக்கமாக ஏறிப் போய்விடும். சதுரக் கட்டத்தை அப்படித் திருப்பி ஏமாற்ற முடியாது. அதற்கு ஒரு சந்து வேண்டும். 469க்கும் 677க்கும் நடுவே இருபத்தாறு மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தது. கட்டம் இருபத்துநாலு. அங்கே தள்ளினாள். பதிவு எண்ணை இரண்டு பங்கு பெரிதாக்கினாள்.

முதல் லேபிள் வந்தது. வாங்குகிறவரின் ஆள், வேர்த்து விறுவிறுத்து நின்ற இளைஞன், ஸ்கேனரை வைத்தான். கீச். சதுரத்தில் வைத்தான். கீச்.

பழமலை மேலிருந்த கத்திக்காரன் ஒருவன், "குஞ்சு பொரிச்சிருச்சுடா!" என்று கத்தினான். கொட்டகை சிரித்தது. பெட்டிகள் நகர ஆரம்பித்தன. பிகுல் முகம் மாறாமல் லேபிள்களை உரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். கடைசி நாள் வேலையிலும் அவள் ஒரு லேபிளைக் கோணலாக ஒட்டவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ரோல் மாற்ற நிறுத்தியபோதுதான் ஜாருணி மூடியைத் திறந்தாள். தலையைக் கைவிளக்கில் பார்த்தாள். பளபளவென்று இருந்தது, மூன்று இடம் தவிர. அந்த மூன்று இடத்திலும் வெள்ளையாக ஒரு காறை. காகிதம் உரசி உரசி ஓரம் மஞ்சளாகி, சூட்டில் ஓடாக வெந்திருந்தது.

தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தாள். தராசின் நெற்றியில் மூன்று வெள்ளைப் பொட்டு, அதன்மேல் தங்கரேக்கு. சரக்கேற்றி வண்டியின் முகத்தில் மூன்று பொட்டு. குளிரறைக் கதவில் மூன்று பொட்டு. பருவம் துவங்கியபோது பிக்குகளை அழைத்து எல்லா இயந்திரத்துக்கும் மணநீரில் குழைத்த வெண்மண் இட்டிருந்தார்கள். பிரிண்டர் மூடியின் மேல் மட்டும் ஒன்றும் இல்லை.

"பிகுல், இங்க வா. இதுக்கு மட்டும் பொட்டு வைக்கலையா?"

பிகுல் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வச்சாங்கக்கா. உள்ள."

"யாரு?"

"ஹியா. போன வருஷம் பழைய மெஷின்ல வெளிய வச்ச பொட்டு வேர்வைல அழிஞ்சுபோச்சாம், அதான் வியாபாரம் டல்லுன்னாரு. இந்த வாட்டி மூடியைத் திறக்கச் சொன்னாரு. பெரிய பிக்கு, வெளிய போதும்னாரு. ஹியா கேக்கல. கிண்ணத்தை வாங்கி மூணு விரலையும் முக்கி அவரே அழுத்திட்டாரு. இதான் மெஷினோட இதயம்னாரு."

"நீ தினமும் துடைக்கிறியா?"

"ரோல் மாத்துறப்பல்லாம் துடைக்கிறேன். நீங்க சொன்ன மாதிரியே, ஸ்பிரிட் போட்டு."

"அப்போ இது எப்படி இருக்கு?"

பிகுல் தரையைப் பார்த்தாள். "அதைச் சுத்தித்தான் துடைச்சேன். மந்திரிச்ச பொட்டு. அதை எப்படிக்கா அழிக்கிறது?"

ஜாருணிக்குத் திட்ட வாய் வந்தது. பிறகு தன் வண்டி ஞாபகம் வந்தது. அவளுடைய வண்டியின் உள்கூரையிலும் ஒரு பிக்கு இட்ட பொட்டு இருந்தது. போன வருடம் கூரைத் துணியை மாற்றியபோது, அந்த உள்ளங்கையளவு பழைய துணியை மட்டும் வெட்டாமல் விட்டுச் சுற்றித் தைக்கச் சொன்னவள் அவள்தான். தையற்காரன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

"அக்கா, ஒண்ணு செய்யுங்க" என்றாள் பிகுல். "தலைக்கு வயசாயிடுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"வயசை மெஷினே சொல்லுது. தலை செஞ்ச கம்பெனி கேட்டா அதுதான் பதில் சொல்லும், நான் இல்ல. அதோட, சனிக்கிழமை புதுத் தலை வரும். அதுலயும் விரலை வைப்பாரு. அப்புறம் இன்னொரு பிகுல் மூட்டையைக் கட்டுவா."

"அப்போ ஹியாகிட்ட போய், நீங்கதான்னு சொல்லப்போறீங்களா? உங்க வேலையும் போயிரும்."

அந்தக் கணக்கு ஜாருணிக்கும் தெரியும். ஹியா ஒருவர் சொன்னால் பத்துக் கொட்டகை அவளை மாற்றிவிடும். சோதனை முடிவை ஒரு லேபிள் காகிதத்தில் அடிக்கச் சொன்னாள்: தலையின் முழு அகலத்துக்கும் கறுப்புப் பட்டை, அதில் மூன்று வெள்ளை இடைவெளி, கீழே எண்கள். அதை மடிக்காமல் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஹியா கொட்டகைக்குப் பின்னால், காலிக் கூடைகளின் அடுக்குக்கு நடுவில், பசைச்சோறும் சுட்ட பன்றி இறைச்சிக் குச்சியுமாக நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. அதனால்தான் அவள் இந்த நேரத்தைத் தேர்ந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு ஹியா. ஒண்ணு கேக்கணும். நீங்க மலைல குந்தியிருந்தப்போ, பழத்தை வெட்டாம உள்ள பிஞ்சா பழமான்னு எப்படிச் சொல்வீங்க?"

"இது என்ன கேள்வி? தட்டுவேன். பழம் சொல்லும்."

"பழம் பொய் சொல்லுமா?"

"மனுஷன் சொல்வான். பழம் சொல்லாது."

"நான் பண்ணுனதும் அதான். எண்ணூத்தி முப்பத்திரண்டு பழத்தைத் தட்டினேன். இருபத்துமூணு பிஞ்சு. எங்கெங்கன்னு அதுவே சொல்லுது." காகிதத்தைக் கூடைமேல் விரித்தாள். "கத்தின்னா கோடு சாய்வா ஓடும். இது மூணே இடம். முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல பத்தொம்பது மில்லி. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் இருபத்தாறு."

"அதனால?"

"உள்ள வெண்மண் இருக்கு. வெந்து ஓடாயிருக்கு. அது மேல மூடிக்கிட்டதால கீழ இருக்கிற புள்ளி சூடு போக வழியில்லாம கருகியிருக்கு."

ஹியா மெல்வதை நிறுத்தினார். அவர் காகிதத்தைப் பார்த்தார். எண்களை அல்ல, மூன்று வெள்ளை இடைவெளிகளை. குச்சியைக் கீழே வைத்து, வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கறுப்புப் பட்டையின் மேல் மூன்று விரல்களைப் பதித்தார். ஆள்காட்டி விரல் முதல் வெள்ளையில். நடுவிரல் இரண்டாவதில். முப்பது வருடமாக ஒட்டாத மோதிர விரல், தன்பாட்டுக்கு விலகி, மூன்றாவதில் போய் உட்கார்ந்தது.

கொட்டகைக்குள்ளிருந்து டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"பெரிய பிக்கு வெளிய போதும்னுதான் சொன்னாரு" என்றார் கடைசியில்.

"ம்."

"அந்தப் பொண்ணு ஏன் துடைக்கல? துடைக்கிறதுக்குத்தானே இருக்கு?"

"நீங்களா இருந்தா துடைச்சிருப்பீங்களா?"

அவர் விரல்களைக் காகிதத்திலிருந்து எடுத்தார். பிறகு வேறு கேட்டார். "இப்போ அதை எடுத்துட்டா கேடு வருமா?"

"பொட்டு வச்சதுலேர்ந்து எத்தனை கன்டெய்னர் போச்சு?"

"நாப்பத்தொண்ணு. இது நாப்பத்திரெண்டு."

"அது செய்ய வேண்டியதைச் செஞ்சிருச்சு ஹியா. ரிட்டையர் ஆகட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்ததை இருமலாக்கிக்கொண்டார். "ரிப்போர்ட்ல என்ன எழுதப்போற?"

"தலைமேல மூணு இடத்துல படிஞ்ச பொருள்னு. யாரு கைன்னு எழுத அதுல கட்டம் இல்ல."

ஹியா நிமிர்ந்தார். சோற்றுப் பொட்டலத்தை மடித்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கொட்டகைக்கு அது தெரியும், ஜாருணிக்கும் தெரியும். ஆனால் நூறு பேர் கேட்கச் சொன்னதை நூறு பேர் கேட்கத்தான் எடுக்க வேண்டும், அதுவும் அவருக்குத் தெரியும். உள்ளே போய்ப் பழமலைக்குப் பக்கத்தில் நின்று குரலை உயர்த்தினார்.

"ஏய் பிகுல்! நாளைக்கு ரெண்டு கன்டெய்னர். காலைல அஞ்சரைக்கு வந்து நிக்கணும். லேட்டா வந்தா பாத்துக்கோ!"

பிகுல் கையில் லேபிளோடு நின்றாள். "மூட்டை கட்டச் சொன்னீங்களே, ஹியா?"

"கட்டுனியா?"

"இன்னும் இல்ல."

"சொன்ன வேலையை ஒண்ணாவது ஒழுங்காச் செய்யுதா பாரு!" என்றார் ஹியா கத்திக்காரர்களைப் பார்த்து. அவர்கள் கூடைகளைத் தட்டிச் சிரித்தார்கள். பிகுல் குனிந்து அந்த லேபிளை ஒட்டினாள். அன்றைக்குக் கோணலாக ஒட்டியது அது ஒன்றுதான்.

கன்டெய்னர் ஐந்து பத்துக்குப் புறப்பட்டது.

சனிக்கிழமை புதுத் தலை வந்தது. பூட்டினாள், கேட்டாள்: மொத்தம் 832, பழுது 0. பார்கோடு பழையபடி நிமிர்ந்து நின்றது. மூடியைச் சாத்தியபோது ஹியா வெண்மண் கிண்ணத்தோடு வந்தார். அன்று காலையில்தான் மடத்துக்குப் போய் வாங்கி வந்தது. மூடிக்கு மேல் கையைக் கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, கிண்ணத்தைப் பிகுலிடம் நீட்டினார்.

"நீயே வை. உன் விரல் சின்னது. வெளியில. வேர்வைல அழிஞ்சா மறுபடி வச்சுக்க."

பிகுல் வைத்தாள்.

பழைய தலையைச் சோதித்துப் பார்க்கத் தன்னோடு எடுத்துப் போகலாமா என்று ஜாருணி கேட்டதற்கு மட்டும் ஹியா ஒப்பவில்லை. கொட்டகை மூலையில் தரையோடு இருக்கிற சிவப்புச் சாமிமாடத்தில், ஊதுபத்திக் கிண்ணத்துக்கும் படையலாக வைத்த சிவப்பு சோடாவுக்கும் நடுவில், மூன்று வெள்ளைக் காறையோடு அது நிமிர்ந்து நின்றது. பெட்டி கட்டுகிற பெண்கள் அதற்கும் சேர்த்தே கும்பிட ஆரம்பித்திருந்தார்கள்.